சத்தமில்லாமல் ஓடிய வகுப்பு

கோபத்தோடு பேனாவைத் தொடுவதில்லை என்பது எனக்கு நானே இட்டுக்கொண்ட விதி. இந்த வாரம் மீறுகிறேன். பொறுத்தருளுங்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை, குருபரப்பள்ளி அருகே தக்காளித் தோட்டத்தில் என் மைத்துனர் முனிராஜைப் பாம்பு தீண்டியது. வலது கை. நெடுஞ்சாலையோரத் தனியார் கிளினிக்குக்கு விரைந்தோம். டாக்டர் ரப்பர்க் குழாயை எடுத்து, முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினார்.

"உயிர் போவுது சார்..."

"வலிச்சாதான் விஷம் ஏறாது. கம்முனு இருங்க."

மேசையில் லேப்டாப். யாரோ ஒரு பேராசிரியர் சத்தமின்றி வாயசைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று திரையில் ஒரு கேள்வி தோன்றியது — 'பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' நர்ஸ் போகிறபோக்கில் ஒரு பொத்தானைத் தட்டினார்.

"என்னம்மா அது?"

"டாக்டருக்கு ஆன்லைன் கிளாஸுங்க ஐயா. முழுசா ஓடினாத்தான் சர்டிபிகேட். அவருக்கு ஏது நேரம்? நாந்தான் அட்டெண்டன்ஸ்!" சிரித்தார். சுவரெங்கும் சட்டமிட்ட சான்றிதழ்கள்.

"இங்க விஷமுறிவு மருந்து இல்ல. கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க. கட்டை மட்டும் அவுக்காதீங்க" என்றார் டாக்டர்.

பெரியாஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் மருத்துவர். நீலம் பாரித்த கையைக் கண்டதும் முகம் மாறியது.

"யாருங்க இப்படிக் கட்டினது?"

"டாக்டருதாங்க."

"டாக்டரா!"

மருந்து ஏறத் தொடங்கிய பிறகே, மெல்ல மெல்லக் கட்டைத் தளர்த்தினார். "இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டம் நின்னு கையே போயிடும். அசைக்காம வெச்சு உடனே கொண்டுவரணும், அவ்வளவுதான். ஆன்லைன் கிளாஸ்ல இதைத்தானே திரும்பத் திரும்பச் சொல்றாங்க!"

அன்று வாயசைத்த பேராசிரியர் எதைச் சொன்னாரோ, நானறியேன். அந்த டாக்டரும் அறிய மாட்டார். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

முன்பெல்லாம் புதிய மருத்துவம் கற்க, கிளினிக்கைப் பூட்டிவிட்டு பெங்களூருக்கோ சென்னைக்கோ போக வேண்டும். இன்று? நாம் தேடிப் போக வேண்டிய அறிவு, நம் மேசைக்கே இறங்கி வருகிறது. அருள் என்பதற்கு வேறென்ன பொருள்? வந்த அருளின் வாயைப் பொத்தி உட்கார வைப்பது எந்த ஊர் நியாயம்?

நாள்தோறும் பதிகம் ஓதுகிறவன் நான். நாவு ஓத, மனம் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு பார்த்துக்கொண்டிருந்தால், அந்த ஓதலுக்குப் பயனில்லை. ஆனால் நட்டம் எனக்கு மட்டும்தானே! மருத்துவர் மனம் வைக்காமல் கற்றால், நட்டம் யார் கைக்கு?

முனிராஜ் பிழைத்துக்கொண்டார். இரண்டு விரல்களுக்கு மட்டும் இன்னும் உணர்வு திரும்பவில்லை. "பார்ப்போம்" என்கிறார்கள்.

அந்த டாக்டரின் வகுப்போ... முழு வருகையுடன் நிறைவடைந்திருக்கும்.