காகாவும் வடையும்

கதை சொல்லி ஒரு கூட்டத்தையே எழுந்து நின்று கைதட்ட வைத்தவள் நான். புனேயில், பிம்ப்ரியில், ஏழு வயதில். என் பிள்ளைகளிடம் சலிக்கச் சலிக்கச் சொல்லியாயிற்று. இங்கேயும் சொல்லாமல் விட மனமில்லை.

நாங்கள் குடியிருந்தது மாடிப் போர்ஷனில். கீழே வீட்டுக்காரர். எல்லோருக்கும் அவர் காகா; மராத்தியில் சித்தப்பாவையும் வயதில் பெரியவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கணபதி விழாப் பந்தலில் ஆரத்திப் பாட்டை அவர் பாட ஆரம்பித்தால் தெருநாய்கள் இடம் மாறும். ஆனாலும் முகத்துக்கு நேரே எல்லோரும் புகழ்ந்து தள்ளுவார்கள்.

அந்த மாதத்தோடு வீட்டு ஒப்பந்தம் முடிகிறது. காலி செய்யச் சொன்னால் அப்பாவின் ஃபாக்டரியும் என் பள்ளிக்கூடமும் எட்டாத தூரமாகிவிடும்.

"இன்னிக்கு ஆரத்தி முடிஞ்சதும் கேட்டுடறேன். மனுஷன் குஷியா இருப்பார்," என்றார் அப்பா.

"இவ கதையையும் கேட்டா இன்னும் குஷியாயிடுவார்," என்றாள் அம்மா.

யோசிக்காமல் வாயைத் திறக்காதே என்று புத்தி சொல்லும் காக்கா, நரி, வடைக் கதையை, அன்று பந்தல் மேடையில் நான் சொல்வதற்காக, அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். மராத்தியில் காக்கைக்குக் காவ்ளா என்று பெயர். மைக்கைப் பிடித்ததும் அந்தச் சொல் மறந்துபோயிற்று. நான் அசரவில்லை. தமிழ்க் காக்காவையே மராத்திக்குள் இறக்கிவிட்டேன். காகா வடையைத் திருடினார். மரத்தில் ஏறினார். நரி கெஞ்சியது: "காகா, தும்சா ஆவாஜ் கிதி கோட்!" உங்கள் குரல் எத்தனை இனிமை!

பந்தலே குலுங்கிச் சிரித்தது. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அங்கே காகா, கையில் பாதி கடித்த வடையோடு. அப்பாவின் முகம் வெளிறிவிட்டது.

காகா எழுந்து மேடைக்கு வந்தார். சிரிப்பு நின்றது. என் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

"ஹே தர், பாளா," என்றார். இதைப் பிடி, குழந்தை. வடையை என் கையில் கொடுத்துவிட்டு, வாயை அகலத் திறந்து ஆரத்திப் பாட்டு முழுவதையும் பாடி முடித்தார். கூட்டம் எழுந்து கைதட்டியது. எனக்குத்தான் என்று நினைத்துக் கும்பிட்டேன்.

இவளிடம் கதை தீரும்வரை நீங்கள் எங்கேயும் போகக் கூடாது என்று அப்பாவிடம் இந்தியில் சொன்னார் காகா.

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். பெருமையில் தூக்குகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வாயைத் திறக்கும் முன் அந்த மனிதர் யோசித்தாரே, அந்த ஒரு கணத்தில்தான் எங்களுக்கு வீடு நிலைத்தது என்பது ஏழு வயதுக்கு எப்படித் தெரியும்?