கதவு திறக்காத பஸ்

என் விளையாட்டுக்கு நிறையப் பேர் கருத்து எழுதியிருந்தார்கள். முடிவு அருமை, மனதைத் தொட்டது என்று. அந்த முடிவை அவர்களில் ஒருவர்கூடப் பார்த்திருக்க முடியாது.

கேம் ஜாம் என்பார்கள். ஒரு தலைப்புக் கொடுப்பார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். அடுத்த வாரம் முழுக்க ஒருவர் செய்ததை மற்றவர் விளையாடிக் கருத்துச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் நடத்தும் வாட்ஸப் குழு அது. இந்தத் தடவை தலைப்பு, வீடு திரும்புதல்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். மாடி அறை ஒன்றில் தனியாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்த வீடு திரும்புதல் டவுன் பஸ்தான். அதையே செய்தேன். சீட்டிலிருந்து எழுந்து, கூட்டத்தில் முண்டி, நிறுத்தம் வருவதற்குள் கதவுக்குப் போய் இறங்க வேண்டும். இறங்கி நடந்தால் ஒரு அறை. விளக்கைப் போட்டால் விளையாட்டு முடிந்தது. அந்த அறையை வரையவே ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. கொடியில் சட்டை, தரையில் கழுவாத டம்ளர். யாராவது அதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

மற்றவர்கள் செய்ததை நான் ஒழுங்காக விளையாடினேன். மோசமானதை மோசம் என்றே எழுதினேன். எங்கே மோசம் என்றும் எழுதினேன். குழுவை நடத்துகிறவர் போனில் கூப்பிட்டார்.

“ஏம்வே, ஆசையாச் செஞ்சிருக்கானுவ. நல்லாருக்குன்னு போட்டுட்டுப் போவ வேண்டியதுதான?”

“வெளையாடிப் பாத்துட்டு எப்படிவே நல்லாருக்குன்னு சொல்ல?”

“அப்பம் வெளையாடாமச் சொல்லும்!”

சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம், கடையில் கூட்டம் குறைந்த நேரம், ஒரு குரல் பதிவு வந்தது. ஆட்டுக்குட்டி ஒன்று கிணறு கிணறாகத் தாண்டி வீட்டுக்கு ஓடும் விளையாட்டைச் செய்தவர். இரண்டாவது கிணற்றைத் தாண்ட முடியவில்லை, பாதியில் விட்டுவிட்டேன் என்று அவருக்கு எழுதியிருந்தேன்.

“வே, முக்கூடல்ல செல்போன் கட வச்சிருக்கவன் பேசுதேன். எம் ஆட்டுக்குட்டிய நீரு பாதியில விட்டுட்டீரு. உம்ம பஸ்ஸுல ஏறி நான் காலையிலேருந்து சுத்துதேன். கதவே தொறக்கல. நான் சோத்துக்குப் போவாண்டாமா?”

ராத்திரி அறைக்குப் போய்ப் பார்த்தேன். கடைசி நேரத்தில் நிரலில் நான் மாற்றிய ஒரு வரி கதவைப் பூட்டி வைத்திருந்தது. யாருமே இறங்கியிருக்க முடியாது. மொய் எழுதுவதுபோல எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். நீ எனக்கு ஒன்று, நான் உனக்கு ஒன்று. அதை நம்பி மூன்று நாள் படித்துப் படித்துச் சந்தோஷப்பட்டிருந்தேன்.

இரண்டாவது பதிவும் வந்தது.

“இன்னொண்ணு. பஸ்ஸுல நிக்க எடமில்ல. ஆனா பக்கத்து சீட்டு மட்டும் காலியாவே கெடக்கு. ஒருத்தனும் உக்கார மாட்டேங்கான். ஏன்வே?”

சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரனை யாராவது உரசினால் விளையாட்டு உறைந்து நின்றது. அதனால் எல்லாரும் அவனைவிட்டுத் தள்ளி நிற்கும்படி நான்தான் எழுதியிருந்தேன். அது பார்க்க எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கே கதவைச் சரிசெய்தேன். பக்கத்து சீட்டில் ஒரு ஆளை உட்கார வைத்துப் பார்த்தேன். உறைந்தது. வேறு விதமாக எழுதினேன். மறுபடி உறைந்தது. சீட்டைக் காலியாகவே விட்டேன். கெடு முடிந்துவிட்டதால் போட்டியில் மாற்ற முடியாது. முக்கூடல்காரருக்கு மட்டும் அனுப்பினேன்.

மறுநாள் அவரே கூப்பிட்டார்.

“எறங்கிட்டேன்வே. ரூமுக்குப் போயி லைட்டப் போட்டேன். ஆளே இல்லியே.”

“இல்லதான்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவர் கடையில் யாரோ சார்ஜர் கேட்பது காதில் விழுந்தது.

“அந்த டம்ளரையாவது கழுவி வச்சிருக்கலாம்லாவே” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி இரண்டாவது கிணற்றுக்குப் போனேன். இன்னமும் தாண்ட முடியவில்லை. குட்டி சரியாகக் குதித்தும் உள்ளேதான் விழுகிறது. அதை அப்படியே எழுதி அவருக்கு அனுப்பினேன்.