ஆறுமணிக் குருவி

இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஏரிக்கரைப் புதர் ஒன்று உண்டு. போன வருஷம் ஒருநாள் விடிகிற நேரத்தில் என் ரூம்மேட் என் கையைப் பிடித்து அழுத்தினான்.

“ஏல, கேட்டியா? ஆறுமணிக் குருவி!”

இரண்டு சுரத்தில் ஒரு விசில். “போடா டேய், செக்யூரிட்டி லாரிக்கு விசில் அடிச்சிக்கினு கீறான்” என்றேன். தென்காசிக்காரனான அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. காலை ஆறு, மாலை ஆறு, மணி பார்த்துக் கூப்பிடுமாம். குளிருக்கு வந்து வெயிலுக்குப் போய்விடுமாம். “கண்ணுல சிக்காதுல. காதாலதான் கண்டுபிடிக்கணும்.” அந்த சீசன் முழுக்க எந்தப் புதர் என்று விரல் நீட்டிக் காட்டுவான். நான் எட்டிப் பார்ப்பதற்குள் பஸ் வந்துவிடும்.

அவனுக்கு பிரஸ் ஷாப்பில் வேலை. தகடு அடிக்கிற சத்தம் நெஞ்சிலேயே இடிக்கும். காதில் மாட்டக் கொடுத்த இயர் பிளக்கை எல்லோரையும் போல அவனும் கழுத்தில்தான் தொங்கவிட்டிருப்பான். சேஃப்டி ஆபீசர் தலை தெரிந்தால் மட்டும் அது காதுக்கு ஏறும். “மாட்டுனா சூப்பர்வைசர் கூப்பிடது கேக்காதுல்லா” என்பான். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். மடையன் நான்.

இந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் தினமும் புதரையே பார்த்து நின்றான். “இன்னும் வரலையே. வழி தவறிட்டோ என்னவோ” என்று புலம்பினான். எனக்கோ மூன்று நாளாக அந்த விசில் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் கலாய்க்கிறான் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள், விசில் கேட்கும்போதே அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும்தான் விளங்கியது.

சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணாலாவது பார்க்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைப் புதருக்குள் இழுத்துப் போனேன். விசில் வந்த பக்கமாக நான் முன்னே, அவன் பின்னே.

குருவி சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, கண்ணோரம் கறுப்புப் பட்டை, குட்டை வால், வாலடியில் குங்குமச் சிவப்பு. அவன் கண் கலங்கிவிட்டது. குருவி தலையைப் பின்னால் சாய்த்து, வாய் திறந்து கூப்பிட்டது.

அவன் என் தோளைத் தொட்டான்.

“வாயைத் தொறக்கு, சத்தத்தக் காணோமே. பாவம், சீக்கு போல.”

குருவி மறுபடி தலையைப் பின்னால் சாய்த்தது.

“செத்த நேரம் இருப்போம்ல. கத்துதான்னு பாப்போம்” என்று சருகின்மேல் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். அது கத்திக்கொண்டே இருந்தது.