நோர்பரி ஒழுங்கையில் ஒரு வீடு நடந்தது

சில வருடங்களுக்கு முன், லண்டன் நோர்பரியில், ஒரு ஆடி மாதச் சனிக்கிழமை காலை நடந்தது இது. பிள்ளைகளே, நான் அதிகம் படித்தவன் இல்லை. பஸ் ஓட்டுகிறவன். ஆனாலும் இதை நீங்கள் வாசிக்க வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு தெருமூலையில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் உள்ள வளவை ஒட்டி ஒரு ஒழுங்கை, அதாவது சின்னத் தெரு, போகிறது. அடுத்த வீட்டில் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குடும்பம். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அவர் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அவர்களுடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. நாங்கள் பெரியவர்கள் ஆங்கிலத்தில்தான் கதைப்போம். இங்கே அதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

ஒவ்வொரு கோடையிலும் அவர்களுடைய ஆட்கள் தேவாலயத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் விழா வைப்பார்கள். அந்த வருடம் விழாவுக்கு நடுவில், தங்கள் நாட்டு முறையில் ஒரு மூங்கில் குடிசை நிற்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பிடிவாதமாக இருந்தார். அதற்குக் காரணம் இருந்தது.

அவர்கள் நாட்டில் அப்போதுதான் தேர்தல் முடிந்திருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் அங்கே வாக்கு உண்டு. முன்பு நீண்ட காலம் ஆண்ட ஒருவரின் மகன் போட்டியிட்டார். பக்கத்து வீட்டுக்காரருடைய மனைவியின் அண்ணன், பக்கத்தில் தோர்ன்டன் ஹீத்தில் இருக்கிறார். அந்தப் பழைய ஆட்சியில்தான் ரோட்டும் பாலமும் வந்தன என்று கேட்டு வளர்ந்தவர் அவர்; அந்த மகனுக்கே வாக்குப் போட்டார். அதே ஆட்சியில்தான் என் பக்கத்து வீட்டுக்காரரின் மாமா சிறைக்குப் போனார். இரண்டு பேரும் போனில் செய்தி அனுப்பி அனுப்பிச் சண்டை பிடித்து, கடைசியில் அண்ணன் தங்கை வீட்டுப் படி ஏறுவதையே விட்டுவிட்டார். மற்றக் குடும்பங்களும் இப்படியே இரண்டாகப் பிரிந்து நின்றன. அடுத்த வருடம் இரண்டு விழா என்று பேச்சு அடிபட்டது.

"ஒரு வீடு நடுவில நிண்டால் ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அதுக்குள்ள ஓடி விளையாடுங்கள். பிள்ளைகள் விளையாடினால் தாய் தகப்பன் எத்தனை நாளைக்கு முறைச்சுக்கொண்டு நிக்கிறது?" என்றார் அவர்.

ஷிப்ட் முடிந்து வந்து மாலை மாலையாக, தன் பின்வளவிலேயே குடிசையைக் கட்டினார். மூங்கில் சுவர், ஓலைக் கூரை, இரண்டு பக்கமும் ஜன்னல். வடிவாகத்தான் இருந்தது. ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். வீட்டுப் பக்கத்தால் வெளியே போகும் பாதையின் அகலத்தை அவர் அளக்கவில்லை.

விழா நாள் காலை வேன்காரர் வந்தார். குடிசையைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் விழா தொடங்க வேண்டும். அவருடைய மகள் குடிசைக்குள் போய் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள்.

"பிரிச்சுக் கொண்டுபோய் அங்க திரும்பக் கட்ட ஏலாதோ?" என்று கேட்டேன்.

"எல்லாம் பிரம்பால வரிஞ்சு ஒட்டினது. பிரிச்சால் விறகுதான்" என்றார்.

பிறகு ஒரு விஷயம் சொன்னார். அவர்கள் நாட்டுக் கிராமங்களில், முன்பெல்லாம் ஒரு குடும்பம் இடம் மாறினால் வீட்டைப் பிரிக்க மாட்டார்களாம். அடியில் மூங்கில்களைக் கொடுத்து, ஊரே சேர்ந்து வீட்டை முழுதாகத் தோளில் காவிக்கொண்டு போவார்களாம். கூலி கிடையாது. போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்காரர் சாப்பாடு போடுவார், அவ்வளவுதான்.

"நீங்கள் காவியிருக்கிறியளோ?"

"நான் பட்டணத்தில பிறந்தவன். பள்ளிக்கூடப் புத்தகத்தில படம்தான் பார்த்தனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் காவியிருக்கிறன். வீடு இல்லை, சாமி" என்றேன்.

விம்பிள்டன் கோயில் திருவிழாவில் சுவாமிக்குத் தோள் கொடுத்துப் பழகியவன் நான். குடிசையை எங்கள் வளவுக்குள் கொண்டுவந்துவிட்டால், ஒழுங்கைப் பக்கத்து அகலமான படலைக் கதவால் வெளியே எடுத்துவிடலாம். குறுக்கே நின்றது எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலி ஒன்றுதான். பலகைகளை மேலே இழுத்துக் கழற்றினால், மார்பளவு உயரத்துக்குக் கொங்கிரீட் தூண்கள் மட்டும் நிற்கும். தோளில் இருக்கும் குடிசை அதற்கு மேலால் போய்விடும்.

நான் பலகையில் கை வைத்ததும் என் மனைவி ஓடிவந்தார். "என்னப்பா செய்யிறியள்? போன கிழமைதான் பெயின்ற் அடிச்சது!"

"திரும்ப அடிக்கலாம்" என்றேன்.

கோயில் கூட்டாளிகள் இரண்டு பேருக்குப் போன் பண்ணினேன். வந்தார்கள். அவர் பக்கத்து ஆட்களும் வந்தார்கள். நீண்ட மூங்கில்களை அடியில் கட்டித் தூக்கினோம். முழங்கால் வரைக்கும்தான் வந்தது. ஒரு மூலை கிறீச்சென்றது. உடனே இறக்கிவிட்டோம். "தோள் காணாது. இன்னும் அஞ்சாறு பேர் வேணும்" என்றேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் தெருவில் இரண்டு கார்கள் வந்து நின்றன. அந்தத் தோர்ன்டன் ஹீத் அண்ணன்! விழாவுக்கென்று ஒரு பெரிய சட்டி நூடுல்ஸ் கொண்டு வந்திருந்தார். மச்சானோடு பேச்சில்லை. ஆனால் தங்கைக்குச் சாப்பாடு கொடுக்காமலும் இருக்க முடியாது. கூட வந்தவர்கள் எல்லாரும் அவர் கட்சிக்காரர். சட்டியை வாசல் படலையடியில் கொடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

தங்கை சட்டியை வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். எனக்கு 'குயா' என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது. எங்கள் 'அண்ணை' மாதிரி. அவர் சொன்னதை அவருடைய மகள்தான் பிறகு எனக்குச் சொன்னாள்: "குயா, சண்டையை நாளைக்குப் பிடியுங்கோ. இண்டைக்குத் தோள் தாங்கோ."

அண்ணன் சூடான சட்டியோடு நின்றார். வைக்கவும் இடமில்லை. கடைசியில் என் மனைவி போய்ச் சட்டியை வாங்கினார். அண்ணனின் கை காலியாகிவிட்டது. கையைப் பார்த்தார், குடிசையைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்துவிட்டார். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

காவும்போது ஒரு தடியில் ஒரே உயரம் உள்ளவர்கள்தான் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உயரமானவரின் தோளில் முழுப் பாரமும் இறங்கும். நான் உயரம் பார்த்து ஆட்களை நிறுத்தினேன். மச்சான்மார் இரண்டு பேரும் ஒரே உயரம். ஒருவருக்குப் பின்னால் ஒருவர் நிற்க வேண்டி வந்தது.

"இவற்ற பிடரியைப் பார்த்துக்கொண்டோ நான் நடக்கிறது?" என்றார் அண்ணன்.

"கண்ணை மூடிக்கொண்டு நட. வாக்கும் அப்பிடித்தானே போட்டனி" என்றார் முன்னால் நின்றவர்.

அண்ணன்தான் முதலில் சிரித்தார். சிரித்தபடியே தடிக்குக் கீழே தோளைக் கொடுத்தார்.

அவர்கள் "இசா, தலாவா, தத்லோ" என்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினார்கள். நாங்கள் "அரோகரா" என்றோம். குடிசை எழும்பியது. வேலித் தூண்களைத் தாண்டி, என் மனைவியின் கத்தரிக் கன்றுகளுக்கு மேலால் ஒழுங்கைக்கு வந்தது.

ஒழுங்கை திரும்பும் இடத்தில்தான் ஆபத்து வந்தது. வியர்வையில் தடி வழுக்கி, என் பக்கத்து வீட்டுக்காரரின் தோளிலிருந்து நழுவியது. குடிசை அவர் பக்கமாகச் சரிந்தது. நான் மறுபக்கத்தில், என்னால் அசைய ஏலாது. பின்னால் நின்ற அண்ணன் ஒரே எட்டில் முன்னுக்கு வந்து, மச்சானின் கன்னத்தோடு கன்னம் உரசத் தன் தோளைக் கொடுத்துத் தடியைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டு நடந்தார்கள்.

பெரிய தெருவில் கார்கள் நின்றன. நான் ஓட்டும் அதே ரூட் பஸ் ஒன்றும் நின்றது. டிரைவர் கை காட்டினார். "அப்பா, எல்லாரும் வீடியோ எடுக்கினம்!" என்று என் மகள் வெட்கப்பட்டாள். ஆனால் அவளும் சிநேகிதியும்தான் முன்னால் போய், "வழி விடுங்கோ, வீடு வருது!" என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் குடிசை புல்வெளியின் நடுவில் நின்றது. நாங்கள் நிலத்தில் உட்கார்ந்து அந்த நூடுல்ஸைச் சாப்பிட்டோம். மச்சான்மார் இரண்டு பேரும் தேர்தலைப் பற்றித் திரும்பச் சண்டை பிடித்தார்கள். சத்தமும் குறையவில்லை, கொள்கையும் மாறவில்லை. ஆனால் ஒரே சட்டியில் இருந்து அள்ளிக்கொண்டு சண்டை பிடித்தார்கள்.

பிள்ளைகளே, படத்தில் மட்டும் பார்த்த ஒரு வழக்கத்தை அந்த மனிதர் லண்டனில் செய்து காட்டினார். அன்று தோள் கொடுத்தவர்களில் எவருமே அதற்கு முன் வீடு காவியவர் இல்லை. இப்போது அந்தப் பக்கத்து வீட்டு மகள், "எங்கட ஆட்கள் வீடு காவுவினம்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறாள். அது பொய் இல்லை.

அடுத்த வருடமும் ஒரே விழாதான். அப்போது ஒருவர் யோசனை சொன்னார்: ஆணி, கீல் வைத்துக் கழற்றிப் பூட்டும்படி செய்தால் வேனிலேயே கொண்டு போகலாமே என்று. அண்ணன்தான் முதலில் மறுத்தார். "வேனுக்குள்ள போற வீடெண்டால் என்னை யார் கூப்பிடப் போகினம்?" என்று கேட்டார். அந்த வருடக் குடிசையையும் பாதையைவிட அகலமாகவே கட்டினார்கள். நானும் வேலிப் பலகைகளைக் கழற்றி வைத்தேன்.

இன்றைக்கும் ஒரு பெரிய வேலையை யாரையும் கேட்காமல் நானே செய்து முடித்துவிடலாம் என்று நினைக்கும்போது, என் கை தானாக வலது தோளைத் தடவும். உடனே போனை எடுத்து, என்னோடு கோபித்துப் பேசாமல் இருப்பவரைத்தான் முதலில் கூப்பிடுவேன்.