சேதாரம் என்று எழுதப்பட்ட சோறு

அம்மா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பங்குனியில் பிசான அறுப்பு வந்துவிட்டது. ஆற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் எங்கள் ஊருக்கு வருஷத்தில் இரண்டு அறுப்பு, புரட்டாசியில் கார், பங்குனியில் பிசானம். அறுத்து, களத்தில் அடித்து, தூற்றி, மூட்டை பிடித்த பிறகு தரையில் மண்ணோடு கொஞ்சம் நெல் கிடக்கும். அது களம் கூட்டுகிறவளுக்கு. அதை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, யாரும் தடுத்ததுமில்லை. எங்கள் களத்தை அம்மாதான் கூட்டுவாள். கூட்டி, சுளகில் புடைத்து, மண் போக அலசி, அவித்துக் காயவைப்பாள். அடுத்த நடவு வரைக்கும் நானும் அவளும் அதை வைத்துத்தான் சமாளிப்போம்.

முந்தின கார் அறுப்புக்கு ஒரு ஜீப் வந்தது. மண்ணைப் படித்தவர் ஒருவர், நெல்லை எடை போடும் சார் ஒருவர், யார் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதும் அக்கா ஒருத்தி. பல படிப்புப் படித்தவர்கள் ஒன்று கூடி, நாளைக்கு யாரும் பட்டினி கிடக்காமல் இருக்க வழி தேடுகிறார்களாம். நான் நம்பினேன். ஐந்தாவதோடு நின்றவள் நான். இத்தனை படித்தவர்கள் சேர்ந்து வந்தால் நல்லதுதானே நடக்கும்?

அந்த அக்கா எங்கள் வீட்டுக்கும் வந்தாள். "ஞாயித்துக்கிழம முட்ட உண்டும்மா" என்று அம்மா கூசாமல் புளுகினாள். முட்டை விஷயத்தில் மட்டும்தான் புளுகு. "அரிசி எங்க வாங்குறீங்க?" என்று கேட்டபோது, "பாதி ரேஷன். மிச்சம் களத்துல கூட்டுனது" என்று உண்மையைச் சொன்னாள். அக்கா எழுதிக்கொண்டாள். அதே நாள் அந்த சார், அம்மா கூட்டி வைத்திருந்த நெல்லை வாங்கி எடை போட்டுவிட்டுத் திருப்பித் தந்தார். அவரும் எழுதிக்கொண்டார்.

பங்குனியில் நான் விளக்குமாறோடு போனபோது களம் முழுக்க நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. அதே ஜீப் ஓரத்தில் நின்றது. வயல்காரரை நாங்கள் அண்ணாச்சி என்போம். அவர்தான் சொன்னார்.

"ஏட்டி, இனிமே கூட்டாண்டாம். களத்துல எம்புட்டு சேதாரமாவுதுன்னு சாரு எடை போட்டுச் சொல்லிட்டாரு. பாய விரிச்சா ஒரு மணி கீழ போவாதாம்."

"சேதாரமா? அது எங்க சோறுல்லா அண்ணாச்சி!"

"கூலி தாரேன்லா, வாங்கித் தின்னு. ஒங்கம்ம காலம் வேற."

ஒங்கம்ம காலம்! ஒரு மாதத்துக்குள் அவள் ஒரு காலமாகிவிட்டாள்.

நேரே ஜீப்புக்குப் போனேன். சார் இருந்தார், அக்காவும் இருந்தாள்.

"சார், நீங்க சேதாரம்னு எழுதுனியளே, அதத்தான் இந்தக்கா எங்க வீட்டுச் சாப்பாடுன்னு எழுதியிருக்காவ. ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கலியா?"

"அது வேற ஃபாரம்மா. சாப்பாட்டுப் பக்கம் அவங்க பாக்கறாங்க. நான் தானியம் மட்டும்தான்."

"ரெண்டு ஃபாரமும் ஒரே ஜீப்புலதான வந்துச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா ஃபாரக் கட்டைப் புரட்டி எங்கள் வீட்டுக் காகிதத்தை எடுத்தாள். படித்தாள். முகம் மாறியது. இங்கிலீஷில் அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் இங்கிலீஷிலேயே ஏதோ சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டார். பிறகு அக்கா என்னிடம், "அம்மா வரலையாம்மா?" என்றாள்.

"செத்துட்டா."

"ஐயோ" என்றாள். மெய்யாகத்தான் வருத்தப்பட்டாள். ஆனால் கை பேனாவைத் திறந்துவிட்டது. "அப்போ இந்த வீட்ட எடுத்துடணும் சார். அம்மாவும் பிள்ளையுமா இருக்கிற வீடு மட்டும்தானே நம்ம லிஸ்ட்ல" என்றாள்.

அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட நான் அப்படிக் கத்தவில்லை. "எங்கம்மைய நோவு கொண்டுட்டுப் போச்சு. சோத்த நீங்க கொண்டுட்டுப் போறியளே! நாளைக்கு யாரும் பட்டினி கெடக்கக் கூடாதுன்னியளே, இன்னைக்கு நான் என்னத்தத் திங்க?"

அண்ணாச்சி நெற்றிப் பக்கம் விரலைச் சுழற்றிக் காட்டி, "கோட்டி புடிச்சிட்டு இவளுக்கு" என்றார்.

களத்தில் பொலி தூற்றிக்கொண்டிருந்தவள் பக்கத்து வீட்டு அத்தை. அம்மாவோடு எல்லா வேலைக்கும் போனவள். நான் திரும்பிப் பார்க்கும்போது அவள் முக்காலியைப் பைய நகர்த்திக்கொண்டிருந்தாள். தார்ப்பாயின் ஓரத்துக்கு வந்து ஏறி நின்று சுளகைச் சாய்த்தாள். நெல் பாதி பாயில், பாதி வெறும் தரையில் விழுந்தது.

"ஏளா, கை எங்கன போவுது?" என்று அண்ணாச்சி கத்தினார்.

"காத்து அண்ணாச்சி, காத்து! என்னய ஏன் வைதிய? அந்த சார விட்டு வேணா காத்தயும் எடை போடச் சொல்லுங்க."

பெண்கள் சுளகால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாச்சி மூட்டைகளோடு வண்டிக்குப் போன நேரம் பார்த்து அவசர அவசரமாகக் கூட்டினேன். ஒரு மரக்கால்கூடத் தேறாது. அம்மா அந்த நெல்லைத் தலையில் ஓலைப்பெட்டியோடு வைத்து, நடுத்தெரு வழியாக, எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் நின்று பேசிக்கொண்டுதான் கொண்டுவருவாள். நான் அதை மடியில் கட்டி, மேலே முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு, கால்வாய்க் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.