செட்டர் என்ற சொல்லும் மைதீன் அண்ணனும்

மைதீன் அண்ணன் இறந்துபோனார் என்று போன் வந்தபோது நான் இரணியல் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். டிக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோட்டாற்றுக்கு பஸ் ஏறினேன். அவர் வீட்டு முன்னால் எங்கள் அச்சகத்துப் பழைய ஆட்கள் நின்றார்கள். “செட்டர் மைதீன் போயிட்டாரு” என்றார் ஒருவர். அந்தப் பட்டப்பெயர் வந்த கதை, அச்சகத்தில் இருந்த உங்களுக்கெல்லாம் தெரியும். பாதிதான் தெரியும்.

அண்ணன் எங்கள் புரூஃப் ரீடர். அவர் பேனாவுக்குப் பயந்து குமரி மாவட்டத்து எழுத்துப்பிழைகள் குடும்பம் குடும்பமாகக் கேரளத்துக்குக் குடிபெயர்ந்தன. கல்யாண வீட்டுக்குப் போனால் வாசல் பேனரைத் திருத்திவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். “தப்பு அங்க கெடந்தா பிரியாணி எறங்காது மக்கா” என்பார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றை அச்சகமே போட்டது. பொருள் எழுதியவன் நான். வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். ‘செட்டர்’ என்றால் கேள்வித்தாள் தயாரிப்பவர், வாலிபாலில் அடுத்தவர் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர். அதுவரை சரி. அந்தப் பெயரில் ஒரு வேட்டைநாயும் உண்டு என்று தெரியும், நாயைத் தெரியாது. ‘பறவைகளைக் கடித்துக் கொல்லும் நாய்’ என்று துணிந்து எழுதினேன்.

புத்தகம் கடைக்குப் போன மாதமே இனயம் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் புயல் கரையேறியதுபோல வந்தார். வளைகுடாவில் ஒரு ஷேக்கின் வேட்டைநாய்களுக்குப் பத்து வருஷம் சோறு வைத்தவர். செட்டர் மோப்பம் பிடித்து, பறவை இருக்கும் திசையைப் பார்த்துப் பதுங்கிக்கொள்ளுமாம். எஜமான் வரும்வரை அசையாதாம்.

“பறவைய அது தொடாது. நீங்க அதைக் கொலைகாரன் ஆக்கிட்டிய” என்றார்.

யார் பார்த்த வேலை என்று முதலாளி உள்ளேயிருந்து கத்தினார். அண்ணன் பழைய புரூஃபைத் தேடி எடுத்தார். ஓரத்தில் பென்சிலால் ‘கொல்லுமா? விசாரிக்கவும்’ என்று கேட்டிருந்தார். யாரையும் விசாரிக்காமல் அதைச் சிவப்பு மையில் அடித்திருந்தது நான். அண்ணன் தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார்.

“உனக்கு வேலை இப்பதான் கிட்டியிருக்கு. வாயத் திறக்காத” என்றார். உள்ளே போய், “புரூஃபுல பிடிக்காம விட்டது எனக்க கவனக்குறைவு” என்றார்.

மறுநாள் அவரை பைண்டிங்குக்கு மாற்றினார்கள். பட்டப்பெயர் அங்கேதான் ஒட்டியது. புதுக்கடை ஊர் வரை புத்தகக்கடை கடையாகப் போய், ஒவ்வொரு பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்டினார். பசை டப்பாவைப் பிடித்தவன் நான். பாதிப் பசை என் வாயில்தான் இருந்தது.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான். அவர் இருக்கும்வரை அதை வெளியே எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அடக்கம் முடிந்ததும் பழைய ஆட்களிடம் காட்டினேன். வர முடியாதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். பென்சிலால் கேட்டவர் அவர். சிவப்பு மையில் அடித்தவன் நான்.