சிதம்பரம் வரை போன மாப்பிள்ளை

பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் காணவில்லை. திருக்கடையூர் கோயிலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக வயதான ஜோடிகள். எங்கள் கூட்டத்தில் மட்டும் பெரியம்மா கூறைப்புடவை கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவைக் கடைசியாகப் பார்த்த ஆள் நான். அப்போதுதான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். அன்றைக்கு என்னை விசாரித்த மாதிரி அதற்குப் பிறகு யாரும் எதற்கும் விசாரித்ததில்லை.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். பூதலூரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ரயில் என்றால் உயிர். வேடிக்கை என்னவென்றால், அவர் போனதெல்லாம் பெரும்பாலும் பிளாட்பாரம் வரைக்கும்தான். தங்கைகளைக் கட்டிக்கொடுத்து வழியனுப்பினார். தம்பியை, அதாவது என் அப்பாவை, காலேஜுக்கு வழியனுப்பினார். பிறகு தன் பெண்கள் ஒவ்வொருத்தியையும் வழியனுப்பினார். தானும் ஒரு தடவை தூரமாகப் போய்வரலாம் என்று அவர் நினைக்கும்போதெல்லாம் வீட்டில் யாருக்காவது பிரசவம் வரும், இல்லாவிட்டால் மேட்டூரில் தண்ணீர் திறந்து நடவு வந்துவிடும்.

வழியனுப்புவதையே அவர் ஒரு பிரயாணம் போலச் செய்வார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறி, சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, ஜன்னலோரம் சாவகாசமாக உட்கார்ந்துகொள்வார். எந்தப் பக்கம் வெயில் அடிக்கும், எந்த ஸ்டேஷனில் வடை சூடாக இருக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். வண்டி நகர்ந்தால்தான் எழுந்திருப்பார். அது போகிற பக்கமே முகத்தை வைத்து இறங்கி, கூடவே கொஞ்ச தூரம் ஓடி நிற்பார். கால் பிசகி நான் பார்த்ததில்லை. பெரியம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு திட்டுவார்.

ஓய்வு பெற்ற கையோடு அவர் வீட்டில் ஒரு ஆசையைச் சொன்னார். அறுபதாம் கல்யாணமெல்லாம் வேண்டாம், அதற்குப் பதிலாக ரயிலில் போய்வர வேண்டும் என்றார். எங்கே என்று கேட்டார்கள்.

"எங்கன்னு இல்ல. வடக்க ஒரு வண்டி எதுவரைக்கும் போவுதோ அதுவரைக்கும் போவணும். அதே வண்டியில திரும்பி வந்துடணும்."

"எறங்கி ஒண்ணும் பாக்காமயா?" என்றார் அத்தை. வீடே சிரித்தது. காசிக்கு என்று சொல்லியிருந்தால் புண்ணியம் என்று விட்டிருப்பார்கள், பெண் வீட்டுக்கு என்று சொல்லியிருந்தால் பாசம் என்று விட்டிருப்பார்கள். சும்மா ரயிலில் உட்கார்ந்துகொண்டிருக்க ஒரு மனுஷன் ஆசைப்படலாம் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. பெரியப்பாவின் மூத்த பெண், சிங்கப்பூரிலிருந்த பெரிய அக்கா, லீவு போட்டு வந்து, திருக்கடையூரில் நாளும் குறித்து, பத்திரிகையும் அடித்துவிட்டாள். அப்பா பாவம் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். மாயவரம் வரைக்கும் எல்லாரும் ரயிலிலேயே போகலாம், அங்கிருந்து கோயிலுக்கு வேன் பிடித்துக்கொள்ளலாம் என்றாள். அழுகிற பிள்ளை கையில் மிட்டாயைக் கொடுத்த மாதிரிதான். அவரும் வாங்கிக்கொண்டார்.

விடிந்ததும் பாசஞ்சர் வண்டியில் கிளம்பினோம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வழி முழுக்க வாசற்படியில் நின்றுகொண்டு வந்தார். மாயவரத்தில் இறங்கினோம். தட்டுகளையும் பழக்கூடைகளையும் பூப்பந்துகளையும் இறக்கி வைப்பதில் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள். எதிரே, அதே பிளாட்பாரத்தின் மறுபக்கம், வடக்கே போகும் எக்ஸ்பிரஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

"வா பாப்பா, உள்ள எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்துடுவோம்" என்று என் கையைப் பிடித்தார்.

உள்ளே புரியாத பாஷை பேசுகிறவர்கள் நிறைய இருந்தார்கள். ஒரு அம்மாள் காகிதத்தைப் பிரித்துச் சப்பாத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் ஒரு இடம் காலியாக இருந்தது. பெரியப்பா அதில் போய் உட்கார்ந்தார். சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு அலுப்பாக இருந்தது.

வண்டி குலுங்கியது. அவர் எழுந்து என்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, கீழே பிளாட்பாரத்தில் விட்டார். "ஓடு, பெரியம்மாகிட்ட போ" என்றார். வண்டி மெதுவாகத்தான் நகர்ந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றார். என்னைப் பார்த்தார். தூரத்தில் பழக்கூடைகளுக்கு நடுவே நின்றவர்களைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். நான் கத்திக்கொண்டு ஓடினேன்.

"பெரியப்பாவால எறங்க முடியல!"

அவருடைய செல்போனுக்கு அடித்துப் பார்த்தார்கள். அது பெரியம்மாவின் கைப்பைக்குள்ளிருந்து மணியடித்தது. அப்பா ஸ்டேஷனிலேயே காத்திருந்தார். மற்றவர்கள் கோயிலுக்குப் போனோம். குறித்த முகூர்த்தம் தாண்டிப் போயிற்று. பக்கத்து ஜோடிகளின் சொந்தக்காரர்கள் எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அக்கா அழுதாள். குருக்கள்தான், இந்தக் கோயிலில் மாப்பிள்ளைக்கு உடம்புக்கு வந்து நேரம் தப்பியிருக்கிறது, ரயிலேறிப் போய் இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, வேறு நேரம் பார்த்துத் தருகிறேன் என்றார்.

வெயில் ஏறிய பிறகு, நாகப்பட்டினம் போகிற பஸ்ஸிலிருந்து பெரியப்பா இறங்கி நடந்து வந்தார். பட்டு வேட்டியில் அழுக்குப் பிடித்திருந்தது. "சிதம்பரத்துல எறங்கி பஸ் புடிச்சேன்" என்றார். அத்தை பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார். "ஏண்ணே, எறங்க முடியலன்னா செயினப் புடிச்சு இழுக்கக் கூடாதா? என்ன மனுஷன் நீங்க!"

பெரியப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "பாப்பா சொன்னதுதான். கால் தடுமாறிட்டுது. வயசாயிட்டுதுல்ல" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எல்லாருடைய கோபமும் இரக்கமாக மாறிவிட்டது. யாரோ விசிறினார்கள், யாரோ மோர் கொடுத்தார்கள். மணையில் உட்கார்த்திவைத்து, கலச நீரை ஊற்றி, தாலி கட்டவைத்து, எல்லாரும் காலில் விழுந்து எழுந்தோம். திரும்பும்போது வேனிலேயே பூதலூர் வரைக்கும் வந்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் அந்தக் கதை சொல்லாமல் பந்தி எழுந்ததில்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஸ்டேஷனுக்குப் போவது அன்றோடு நின்றுபோயிற்று. கால் தடுமாறுகிற ஆளை ரயில்பக்கம் விடக்கூடாது என்று பெண்கள் மூவரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஊருக்குப் போகிறவர்கள் அவரிடம் வீட்டிலேயே சொல்லிக்கொண்டு, தஞ்சாவூருக்குக் கார் வைத்துப் போனார்கள். அவர் கார்க் கதவைச் சாத்திவிட்டு, பத்திரம் என்று சொல்வார். எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் என்று அவரிடம் கேட்க யாரும் இல்லை.

காலேஜில் படிக்கும்போது ஒருநாள், ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் அவரைப் போலவே இறங்கி நின்றதைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆயுசு பூராவும் ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கிய மனுஷனுக்கு, நத்தை போல நகர்ந்த அந்த வண்டியிலிருந்து இறங்கத் தெரியாதா? போக வேண்டுமென்றுதான் போயிருக்கிறார். அதைச் சொல்வதைவிட, கிழவன் ஆகிவிட்டேன் என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. லீவில் போகும்போது கேட்க வேண்டும் என்று நினைப்பேன். போனால், அவர் என் படிப்பைப் பற்றிக் கேட்பார், நானும் படிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். போன வருஷம் அவர் போய்ச்சேர்ந்தார். எங்கேயும் போகாமலே போய்ச்சேர்ந்தார்.

கருமாதி முடிந்த மறுநாள் பெரியம்மா அவருடைய வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார். மனசு கேட்காமல் அன்று நான் பார்த்ததை அவரிடம் சொன்னேன்.

"அவருக்கா எறங்கத் தெரியாது?" என்றார் பெரியம்மா, தலையைத் தூக்காமல். "அந்த வண்டி சீர்காழியில நிக்கும்டி. அங்கயே எறங்கியிருக்கலாம். எறங்கல. கொள்ளிடத்தையும் தாண்டிப் போயிருக்கார். அப்பறந்தான் என் நெனப்பு வந்திருக்கு."

"அப்பவே தெரியுமா? நீங்க ஒண்ணும் கேக்கலியா பெரியம்மா?"

"கேட்டேன். மணையில உக்காந்திருக்கறப்ப கேட்டேன். ஜன்னலோரம் எடம் கெடச்சுதான்னு கேட்டேன். கெடச்சுதுன்னார்." கையிலிருந்த வேட்டியை நீவிவிட்டார். "அப்பறம், அடுத்த தடவ நீயும் வர்றியான்னார். எனக்கு வெக்கமாப் போச்சு. இத்தன பேரு மத்தியில என்ன பேச்சு இது, பேசாம இருங்கன்னேன். பேசாமயே இருந்துட்டார்."

நான் அன்று மணைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர்கள் மேல் போட்ட அட்சதையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பெரியப்பா குனிந்து ஏதோ கேட்டதையும், பெரியம்மா முகம் சிவந்து தலையைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன். பொண்ணு மாப்பிள்ளை ரகசியம் பேசுகிறார்கள் என்று அத்தை கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் கைதட்டிச் சிரித்தேன்.